இல்லத்து வாயிற்காவலன்

கடல் வாணிகத்தாற் சிறந்த நகரங்களுக்குத் துறைமுகமே வாயிலாகும். சென்னையின் வடபகுதியில் வாழும் மக்கள் இவ்வுண்மையை நாள்தோறும் கண்ணாரக் காண்கின்றனர். எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, காசிமேடு, இராயபுரம் ஆகிய ஊர்களின் வழியே சரக்குப் பெட்டக லாரிகள் இரவென்றும் பகலென்றும் பாராது வரிசை வரிசையாகத் துறைமுகத்தை நோக்கிச் செல்லும். வாயிலில் நிற்கும் அலுவலர், ஒவ்வொரு பெட்டகத்தின் எண்ணையும் சீட்டையும் நோக்குவர். எங்கிருந்து வந்தது, எங்குச் செல்வது, செல்லுதற்கு இசைவு உண்டா என ஆராய்வர். அதன் பின்னரே உரிய வழியில் விடுப்பர். அவ்வாயில் ஒரு நாழிகை அடைபட்டாலும் சாலை முழுதும் தேங்கிவிடும். அவ்வாயிலைக் காப்போர் அயர்ந்தாலோ, வரத்தகாதன எல்லாம் ஊருக்குள் புகுந்துவிடும்.

இத்தகைய வாயிலும் வாயிற்காவலனும் இக்காலத்தில் நம் இல்லங்களிலும் உண்டு. சுவரின் மூலையிலோ அலமாரியின் மேலோ, இரண்டொரு கொம்புகளை நீட்டிக்கொண்டு, சிறு விளக்குகள் மின்ன, ஓசையின்றி அமர்ந்திருக்கும் பெட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். மக்கள் அதனை 'வைஃபை பெட்டி' என்றும் 'ரவுட்டர்' என்றும் கூறுவர். தமிழில் அதற்குத் திசைவி என்று பெயர். அதன் உள்ளே வாழும் ஆணைத் தொகுதி யாது, அதனை நாமே மாற்றி அமைத்தல் இயலுமா, இயலுமெனின் எவ்வாறு என்பனவற்றை இப்பாடத்திற் காண்போம்.

திசைவியின் பணி

காசிமேட்டில் மீனவர் இல்லம் ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தந்தை தம் கைப்பேசியில் கடலின் நிலையையும் காற்றின் விசையையும் பார்க்கின்றார். மகள் கணினியில் பாடம் படிக்கின்றாள். மகன் வெளியூரில் இருக்கும் மாமனுடன் முகம் பார்த்துப் பேசுகின்றான். மூவரும் ஒரே நேரத்தில் ஒரே இணைப்பைப் பயன்படுத்துகின்றனர். ஆயினும் தந்தைக்குரிய செய்தி மகளுக்குச் செல்வதில்லை. மகளுக்குரிய பாடம் மகனுக்கு வருவதில்லை. இவ்வொழுங்கினைச் செய்வது திசைவியே.

இணையத்தில் எச்செய்தியும் முழு உருவில் செல்வதன்று. அது சிறுசிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் பொறிக்கப்பட்டுச் செல்லும். இம்முகவரிகள் எண்களால் ஆனவை. நெடுங்காலமாக வழக்கிலுள்ள நான்காம் பதிப்பு முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். உலகிலுள்ள கருவிகள் அனைத்திற்கும் இவை போதா. ஆதலின், வீட்டிற்கு வெளியே ஒரே முகவரியும், வீட்டிற்குள்ளே ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரியும் வழங்கும் முறையை அறிஞர் வகுத்தனர். 192.168 எனத் தொடங்கும் எண்கள் அத்தகைய உள்முகவரிகளுட் சில. எந்தக் கருவி எதைக் கேட்டது என்பதனைத் திசைவி தன் ஏட்டிற் குறித்துக்கொண்டு, விடை வந்தவுடன் உரியவரிடம் சேர்க்கின்றது. கேளாமல் வரும் பொட்டலத்தை வாயிலிலேயே தடுத்து நிறுத்துகின்றது. எனவே, திசைவி வழிகாட்டியும் ஆகும், கணக்கனும் ஆகும், காவலனும் ஆகும்.

உள்ளே உறையும் ஆணை

திசைவியைத் திறந்து பார்த்தால் பச்சை நிறப் பலகையின்மேல் சில சில்லுகளே தோன்றும். எனினும் அஃது உண்மையில் ஒரு சிறு கணினியே. எண்ணிப் பார்க்கும் செயலி ஒன்றும், வேலை நடக்கும்போது குறித்துக்கொள்ளும் நினைவகம் ஒன்றும், மின்சாரம் நின்றாலும் அழியாத பிளாஷ் நினைவகம் ஒன்றும் அதில் உண்டு. அவ்வழியா நினைவகத்தில் எழுதப்பட்டு, கருவியின் ஒவ்வொரு செயலையும் ஆளும் ஆணைத் தொகுதிக்கு நிலைப்பொருள் என்று பெயர். தொழில்புரிவோர் இதனை 'ஃபர்ம்வேர்' என்பர். உடல் வன்பொருள் எனின், நிலைப்பொருளை அதன் உள்ளம் எனலாம்.

இவ்வாணைகளை மனிதர் முதலில் தாம் படித்துணரத்தக்க மொழியில் எழுதுகின்றனர். அது மூலநிரல் எனப்படும். பின்னர் அது கருவிக்கு மட்டுமே விளங்கும் சுழிகளாகவும் ஒன்றுகளாகவும் மாற்றப்படுகின்றது. கடையில் வாங்கும் பெட்டியில் பெரும்பாலும் இப்பின்னைய வடிவமே இருக்கும். அதனைப் பார்த்து உட்பொருளை உணர்தல் மிக அரிது. மூலநிரலைத் தன்னிடமே வைத்துக்கொண்ட நிறுவனம் பிழையைத் திருத்தினால் உண்டு, திருத்தாவிடின் இல்லை. பொதுவாக நிறுவனங்கள் ஒரு கருவியை விற்ற சில ஆண்டுகளில் புதிய கருவியின்மேற் கருத்தைச் செலுத்திப் பழையதனைக் கைவிடுகின்றன. பெட்டியின் உடல் நலமாகவே இருக்கும், விளக்கும் எரியும். ஆனால், புதிதாய்க் கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைப்பார் இரார்.

காவலன் அயர்ந்தால்

இதனால் நேரும் தீங்கு சிறிதன்று. 2016ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீநிரல் ஒன்று உலகெங்கும் பரவியது. அது கையாண்ட முறை மிக எளிது. கருவிகளைச் செய்தோர் தொடக்கத்தில் இட்டுவைத்த பெயர்களும் கடவுச்சொற்களும் ஆகிய ஏறத்தாழ 60 இணைகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்து, திறந்த கதவுகளுள் நுழைந்தது. இல்லத்துக் கண்காணிப்புக் கருவிகளும் திசைவிகளும் பல்லாயிரக்கணக்கில் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவை யாவும் ஒருங்கே ஏவப்பட்டு அமெரிக்காவில் இணைய முகவரிப் பணி புரிந்த 'டின்' என்னும் நிறுவனத்தைத் தாக்கின. புகழ்பெற்ற இணையத் தளங்கள் பல அன்று மக்களுக்கு எட்டாமற் போயின.

நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் அகன்ற அலைவரிசை இணைப்புகளில் இருந்த மோடம்கள் தீநிரலால் தாக்குண்டு செயலிழந்தன. தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாதிருந்த மோடம்களே அத்தாக்குதலுக்கு இரையாயின. வாடிக்கையாளர் அதனை உடனே மாற்றிக்கொள்ளுமாறு அந்நிறுவனம் வேண்டியது. 2018ஆம் ஆண்டு வெளிப்பட்ட 'வி.பி.என். ஃபில்டர்' என்னும் தீநிரலோ, 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளில் குடிபுகுந்திருந்தது. இவ்வீடுகளில் வாழ்ந்தோர் எவரும் தம் வாயிற்காவலன் பிறர் ஏவல் கேட்டு நடந்ததனை அறிந்திலர்.

இந்நிலையில் நாம் செய்யத்தக்கது யாது? கடவுச்சொல்லை மாற்றுதல் முதற்கடமை. நிறுவனம் புதுப்பித்த நிலைப்பொருளை வெளியிடின் அதனை ஏற்றுக்கொள்ளுதல் இரண்டாவது. நிறுவனமே கைவிட்ட பெட்டியை என் செய்வது? குப்பையில் எறிவதொன்றே வழியென்பர் பலர். வடசென்னையின் குப்பையெல்லாம் மலையெனக் குவிந்த கொடுங்கையூரைக் கண்டவர், நல்ல உடல்வலியுள்ள ஒரு கருவியை எறிய மனம் ஒவ்வார். வேறொரு வழியும் உண்டு. அவ்வழியை விளக்குதற்குத் திருவொற்றியூரிலேயே ஒரு சான்று இருக்கின்றது.

திருவொற்றியூர் காட்டும் சான்று

இங்கிலாந்து நாட்டின் ரெட்டிச்சு நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 'புல்லட்' என்னும் மோட்டார் சைக்கிளைச் செய்துவந்தது. 1955ஆம் ஆண்டு அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அயல்நாட்டிலிருந்து வந்த உறுப்புகள் இங்கே பூட்டப்பட்டன. 1957ஆம் ஆண்டு, உறுப்புகளைச் செய்தற்குரிய அச்சுகளும் கருவிகளும் இங்கு வந்தன. 1962ஆம் ஆண்டிற்குள் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே உருவாயின.

பின்னர் நிகழ்ந்தது நினைக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றது. ஆயினும் புல்லட் மறையவில்லை. 1977ஆம் ஆண்டு முதல் திருவொற்றியூர் வண்டிகள் தாம் பிறந்த நாடாகிய இங்கிலாந்திற்கே ஏற்றுமதியாயின. செய்முறை அறிவும் அச்சும் வேறோரிடத்தில் வாழ்ந்தமையால், செய்தவர் நீங்கிய பின்னும் செய்பொருள் நிலைத்தது. மேலும், அவ்வண்டியின் திருகைக் கழற்றினால் உள்ளுறுப்பு ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆதலாலன்றோ தெருவோரப் பட்டறையில் அமர்ந்த மெக்கானிக்கும் அதனைப் பிரித்துச் செப்பம் செய்ய வல்லவரானார்!

திசைவிக்கும் இது பொருந்தும். அதன் மூலநிரல் பலர் கையில் இருக்குமாயின், செய்த நிறுவனம் கைவிட்டாலும் கருவி வாழும். அவ்வாறு மூலநிரலைப் பலர் கையிலும் சேர்ப்பித்த பெருமுயற்சியின் வரலாற்றை இனிக் காண்போம்.

பொது உரிமம்

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்போர்க்கு அதனை அறிவிக்குமாறு அதன் நிரலை அவர் திருத்தியிருந்தார். புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தபோது அதன் மூலநிரல் கிடைக்கவில்லை, கேட்டும் மறுக்கப்பட்டது. 'அறிவைப் பூட்டி வைத்தல் தகுமோ?' என அவர் உள்ளம் வருந்தியது. 1983ஆம் ஆண்டு 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985ஆம் ஆண்டு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989ஆம் ஆண்டு க்னூ பொது உரிமம் வெளிவந்தது.

அவ்வுரிமத்தின் சாரம் இதுவே: இந்நிரலை எவரும் பயன்படுத்தலாம், கற்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், வழங்குவோர் தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும். கேட்பின் மூலநிரலையும் கொடுத்தல் வேண்டும். பின்லாந்து நாட்டு மாணவர் லினசு டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கிய 'லினக்ஸ்' என்னும் இயக்குதளக் கருவும் அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது.

தமிழ் கற்போர்க்கு இக்கொள்கை புதிதன்று. ஓலைச்சுவடிகளைப் பூட்டி வைத்த இல்லங்களில் அவற்றைக் கறையான் தின்றது. படியெடுக்கக் கொடுத்த இல்லங்களால் நூல்கள் உயிர் பெற்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து சுவடிகளைத் தொகுத்து, 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிட்டது எதனால் இயன்றது? கொடுத்தவர் கொடுத்தமையால் இயன்றது. தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் உரை கண்டார். அவர்க்குப் பின் வந்த சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் மாறுபட்டும் உடன்பட்டும் உரை வகுத்தனர். மூலம் யாவர்க்கும் திறந்திருந்தமையால் உரை வளர்ந்தது. திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணத்தை ஓதவும் விரித்துரைக்கவும் தனி மண்டபம் ஒன்று இருந்ததனைச் சோழர் காலக் கல்வெட்டுக் கூறுகின்றது. மூலத்தைப் பலர் கூடி ஆராய்தலும், பிழை களைதலும், விளக்கங் கூட்டுதலும் அன்று மண்டபத்தில் நிகழ்ந்தன. இன்று மூலநிரலின்மேல் நிகழ்கின்றன.

நீலப்பெட்டியின் வரலாறு

2002ஆம் ஆண்டின் இறுதியில் லிங்க்சிஸ் என்னும் நிறுவனம் டபிள்யூ. ஆர். டி. 54 ஜி என்னும் திசைவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நீலமும் கருமையும் கலந்த அப்பெட்டி விரைவில் மிகப் புகழ்பெற்றது. 2003ஆம் ஆண்டு சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு சூன் திங்களில், அப்பெட்டியின் நிலைப்பொருளில் லினக்ஸும் பொது உரிமத்தின்கீழ் வந்த பிற நிரல்களும் இருப்பதனை ஆர்வலர் கண்டறிந்தனர். மூலநிரலோ வெளியிடப்படவில்லை. உரிமத்தின் விதிப்படி அதனை வெளியிடுமாறு அவர்கள் வற்புறுத்தினர். நிறுவனம் அவ்வாண்டிலேயே மூலநிரலை வெளியிட்டது. சிஸ்கோவின் பிற கருவிகள் குறித்து உரிமப் பூசல் நீடித்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008ஆம் ஆண்டு வழக்குத் தொடுக்க, 2009ஆம் ஆண்டு இருசாராரும் இணங்கி அதனை முடித்துக்கொண்டனர்.

வெளிவந்த மூலநிரலைக் கொண்டு 2004ஆம் ஆண்டு சனவரியில் 'ஓப்பன் டபிள்யூ. ஆர். டி.' என்னும் மாற்று நிலைப்பொருள் திட்டம் தோன்றியது. அந்நீலப்பெட்டியின் பெயரிலுள்ள எழுத்துகளே அதன் பெயரிலும் இருத்தலைக் காண்க. அப்பெட்டியின் அழியா நினைவகம் 4 மெகாபைட்டே. இக்காலக் கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படம் அடங்கும் அளவு. அவ்வளவு சிறிய இடத்தில் முழுமையான இயக்குதளத்தை அமைத்த திறம் வியக்கத்தக்கது. 2005ஆம் ஆண்டு நிறுவனம் அப்பெட்டியின் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை விடுத்து வேறோர் இயக்குதளத்தைப் புகுத்தியது. ஆயினும் மக்களின் விருப்பத்தை உணர்ந்து, லினக்ஸ் இயங்கும் வடிவத்தை டபிள்யூ. ஆர். டி. 54 ஜி. எல். என்னும் பெயரால் அவ்வாண்டிலேயே விற்கத் தொடங்கியது.

அதன்பின் இத்திட்டம் ஆலமரம் போல் விழுதூன்றியது. 2016ஆம் ஆண்டு கருத்து வேறுபாட்டால் ஒரு சாரார் பிரிந்து 'லீட்' என்னும் பெயரால் தனித்து உழைத்தனர். 2018ஆம் ஆண்டு மீண்டும் ஒன்றாயினர். இன்று பல நிறுவனங்கள் செய்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட கருவி வகைகளில் இந்நிலைப்பொருள் இயங்குகின்றது.

நெரிசல் தீர்த்த நெறி

மூலம் திறந்திருப்பதால் விளையும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் கல் தொலைவிற்கு நிற்பதாகக் கொள்வோம். அவற்றினிடையே நோயாளியைத் தாங்கிய ஆம்புலன்சு ஒன்று சிக்கினால் என்ன ஆகும்? சாலை அகலமாக இருப்பினும் முன்னே நிற்கும் வரிசை நகருமளவும் அதுவும் நிற்க நேரும். இல்லத்துத் திசைவியிலும் இவ்வாறே நிகழ்கின்றது. ஒருவர் பெரிய கோப்பொன்றை அனுப்பத் தொடங்கினால் அப்பொட்டலங்கள் திசைவியின் வரிசையை நிரப்பிவிடுகின்றன. மற்றொருவரின் பேச்சைத் தாங்கிய சிறு பொட்டலம் அவ்வரிசையின் கடைசியில் நின்று காலந்தாழ்க்கின்றது, பேச்சு அறுபடுகின்றது. 2010ஆம் ஆண்டளவில் ஜிம் கெட்டிஸ் என்பார் இக்குறையை எடுத்துக்காட்டி அதற்குப் பெயரும் இட்டார்.

2012ஆம் ஆண்டு கேத்லீன் நிக்கல்ஸ், வேன் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் இதற்குத் தீர்வு கண்டனர். பொட்டலங்கள் தொடர்ந்து 5 மில்லி நொடிக்கு மேல் வரிசையிற் காத்திருப்பின், ஒன்றிரண்டைத் திசைவி வேண்டுமென்றே கைவிடும். அனுப்பும் கணினி அதனை உணர்ந்து தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். இழந்த பொட்டலத்தை மீண்டும் அனுப்பும். சரக்குப் பெட்டகத்தை அவ்வாறு கைவிடல் ஆகாது. பொட்டலத்தைப் படியெடுத்து மீள அனுப்பலாம் ஆதலின் இங்கு இழப்பில்லை. எரிக் டுமாசே என்பார் இம்முறையோடு, ஒவ்வொருவர் பொட்டலங்களுக்கும் தனித்தனி வரிசை அமைக்கும் முறையையும் இணைத்து லினக்ஸில் எழுதினார். டேவ் டாட் என்பாரும் அவர்தம் தோழரும் ஓப்பன் டபிள்யூ. ஆர். டி.யின் கிளையொன்றில் இதனை ஏற்றி, பல இல்லங்களில் சோதித்துச் செம்மை செய்தனர். 2018ஆம் ஆண்டு இம்முறை இணையப் பொறியாளர் பொதுவாக வெளியிடும் ஆவணங்களுள் ஒன்றாயிற்று. டேவ் டாட் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மறைந்தார். அவர் செம்மை செய்த நெறி உலகெங்கும் இல்லங்களில் இயங்குகின்றது. அறிஞர் கண்ட நெறி, நிறுவனத்தின் இசைவை எதிர்நோக்காது எளிய மக்களின் பழைய பெட்டிகளையும் சென்றடைந்தது மூலநிரல் திறந்திருந்தமையாலேயே என்க.

மாற்றும் முறை

நிலைப்பொருளை மாற்றுதல் மருத்துவர் செய்யும் அறுவையை ஒத்தது. விரைவும் வேண்டும், அதனினும் மிகுதியாகப் பொறுமை வேண்டும். அதன் படிகள் வருமாறு.

முதலாவது, பெட்டியை அறிதல். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் வகைப்பெயரும் வடிவ எண்ணும் இருக்கும். ஒரே வகைப்பெயர் உடையனவும் வடிவ எண் மாறினால் உள்ளே வேறு சில்லுகளைக் கொண்டிருக்கலாம். மேற்கூறிய நீலப்பெட்டியே இதற்குச் சான்று. ஆதலின் இரண்டையும் திட்டத்தினர் வெளியிட்டுள்ள கருவி அட்டவணையோடு ஒப்பிடல் வேண்டும். 4 மெகாபைட் நினைவகமுள்ள மிகப் பழைய பெட்டிகளுக்குப் புதிய பதிப்புகள் வெளிவருவதில்லை.

இரண்டாவது, உரிய கோப்பைப் பெறுதல். நிறுவனத்தின் நிலைப்பொருளிலிருந்து முதன்முறை மாறுவதற்கு 'ஃபேக்டரி' என்னும் கோப்பும், மாறிய பின் புதுப்பிப்பதற்குச் 'சிஸ்அப்கிரேட்' என்னும் கோப்பும் உரியவை.

மூன்றாவது, முத்திரையைச் சரிபார்த்தல். துறைமுகத்தில் பெட்டகத்தின் சீல் எண்ணை ஏட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, வழியில் எவரும் திறக்கவில்லை எனத் தெளிவர். அதுபோலவே ஒவ்வொரு கோப்பிற்கும் 64 குறிகளாலான முத்திரை ஒன்று வெளியிடப்படுகின்றது. நாம் பெற்ற கோப்பின் முத்திரையைக் கணித்து அதனோடு ஒப்பிடல் வேண்டும். ஒரு குறி மாறினும் அக்கோப்பைத் தள்ளுக.

நான்காவது, ஏற்றுதல். பழைய அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டு, கணினியைத் திசைவியோடு கம்பியால் இணைத்தல் வேண்டும். வைஃபை வழியே ஏற்றுதல் கூடாது. மின்வெட்டு நேராதவாறு யு.பி.எஸ். கருவியின் துணையைக் கொள்ளல் நன்று. பின்னர்த் திசைவியின் அமைப்புப் பக்கத்தில் நிலைப்பொருளைப் புதுப்பிக்கும் இடத்தைத் திறந்து கோப்பைக் கொடுக்கலாம். எழுதும் சில மணித்துளிகளில் மின்சாரத்தைத் துண்டித்தல் பெரும்பிழை. பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிட்ட கருவி எழுந்திருக்க மாட்டாது. அத்தகைய கருவியைத் தொழிலறிந்தோர் நகையாகச் 'செங்கல்' என்பர். பல கருவிகளில், மின்சாரம் பாய்ந்த முதற் சில நொடிகளில் விழித்திருக்கும் தொடக்கநிரலின் வாயிலாக மீண்டும் கோப்பை அனுப்பி அவற்றை எழுப்புதல் கூடும். அவ்வழி தம் பெட்டிக்கு உண்டா என்பதனை முன்னரே அறிந்த பின்னரே செயலில் இறங்குதல் அறிவுடைமை.

ஐந்தாவது, காவல் அமைத்தல். புதிய நிலைப்பொருள் எழுந்ததும் 192.168.1.1 என்னும் முகவரியில் அதனைக் காணலாம். அப்போது அதற்குக் கடவுச்சொல் இராது. முதற்செயலாக வலிய கடவுச்சொல்லை இடுக. பெரும்பாலான கருவிகளில் வைஃபை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். நாட்டின் பெயரையும் மறைகுறி முறையையும் அமைத்த பின்னரே அதனை எழுப்புக. அதன்பின் புதிய பதிப்பு வெளிவருந்தோறும் புதுப்பித்தல் உரியவரின் கடமை.

உரிமையும் பொறுப்பும்

இவ்வுரிமைக்கு எல்லைகளும் உண்டு. இணைப்பு வழங்கும் நிறுவனம் தன் உடைமையாக வைத்த பெட்டியை அதன் இசைவின்றி மாற்றுதல் தகாது. தமக்குரிய பெட்டியில், பெற்றோர் இசைவுடன் செய்தலே முறை. மாற்றிய பின் நிறுவனத்தின் உறுதிக்காலம் செல்லாது போதலும் உண்டு. மேலும், வானொலி அலை பொதுச்சொத்து. ஒவ்வொரு நாடும் இன்ன அலைவரிசையில் இன்ன ஆற்றலே செல்லலாம் என வரம்பு வகுத்துள்ளது. அவ்வரம்பை மீறும் வைஃபை, விமான நிலையங்களில் வானிலையைக் கண்டறியும் ரேடாருக்கும் இடையூறு செய்யக்கூடும். 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், வரம்பு மீறிய ஆற்றலில் இயங்க இடந்தந்தமைக்காக டிபி-லிங்க் நிறுவனத்திற்கு 2 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. அதே உடன்பாட்டில், மாற்று நிலைப்பொருளை ஏற்றுதற்கு வழி காணுமாறும் அந்நிறுவனம் பணிக்கப்பட்டது. வரம்பும் காக்கப்படல் வேண்டும். உரிமையும் காக்கப்படல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

அஞ்சியவர்க்கும் இன்று வழி எளிதாகியுள்ளது. 2024ஆம் ஆண்டு அத்திட்டத்தினரே 'ஓப்பன் டபிள்யூ. ஆர். டி. ஒன்' என்னும் திசைவியை வெளியிட்டனர். அதில் அழியா நினைவகங்கள் இரண்டு உண்டு. ஒன்று பழுதுற்றால் மற்றொன்றிலிருந்து கருவியை மீட்கலாம். நம் சென்னையிலும் 1998ஆம் ஆண்டு முதல் இந்திய லினக்ஸ் பயனர் குழு கூடிக் கற்றலையும் கற்பித்தலையும் நிகழ்த்தி வந்துள்ளது. 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்குகின்றது. கற்க விரும்புவார்க்குத் துணை இல்லை என்பதில்லை.

மாணவர்களே! எல்லாரும் திசைவியின் உள்ளத்தை மாற்றி எழுதவேண்டும் என்பதன்று இப்பாடத்தின் கருத்து. வாயிற்காவலன் யாருடைய ஆணையைக் கேட்கின்றான் என்பதனை இல்லத்தார் அறிந்திருத்தல் வேண்டும். விலை கொடுத்து வாங்கியதனால் மட்டும் ஒரு பொருள் நமதாகிவிடாது. அதனை அறிந்து, பேணி, பழுது நேர்ந்தால் செப்பம் செய்ய வல்லராகும்போதே முற்றும் நமதாகும். பொது உரிமம் நமக்கு மற்றொரு கடனையும் உணர்த்துகின்றது. பிறர் திறந்து வைத்த அறிவால் பயன் பெற்றவர், தாம் கற்றதனைத் தம்மினும் இளையவர்க்குத் திறந்து வைத்தல் வேண்டும். சுவடி கொடுத்தவரால் தமிழ் வாழ்ந்தது. அச்சும் அறிவும் வந்து சேர்ந்தமையால் திருவொற்றியூர்த் தொழில் வாழ்ந்தது. நும் கையிற் கிடைத்த அறிவும் அவ்வாறே வாழ்வதாக!

பயிற்சி வினாக்கள்

1. திசைவியைத் துறைமுக வாயிலோடு ஒப்பிட்டு அதன் பணிகளை விளக்குக.
2. நிலைப்பொருள், மூலநிரல் ஆகியவற்றின் வேறுபாடு யாது?
3. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நேர்ந்த தாக்குதல்களுக்குப் பொதுக்காரணம் என்ன?
4. திருவொற்றியூரில் புல்லட் நிலைத்த வரலாற்றால் ஆசிரியர் எதனை உணர்த்துகின்றார்?
5. பொது உரிமம் பெறுவோர்க்குத் தரும் உரிமைகளையும் விதிக்கும் கடமையையும் எழுதுக.
6. நிலைப்பொருளை மாற்றும் ஐந்து படிகளையும் முறையே கூறுக.
7. 'உரிமையும் பொறுப்பும்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.